கூட்டம் இருந்தும் ரக்பி லீக் கிளப்புகள் ஏன் நஷ்டத்தில் ஓடுகின்றன?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: வேலைக்காக வடக்கு இங்கிலாந்துக்கு வந்திருக்கிறீர்கள். அலுவலக நண்பர் கூப்பிட்டார் என்று சூப்பர் லீக், அதாவது ரக்பி லீகின் முதல் பிரிவில் ஒரு ஆட்டம் பார்க்கப் போனீர்கள். பன்னிரண்டாயிரம் பேர் வந்திருப்பதாக அறிவித்தார்கள். தலைக்கு 25 பவுண்டு என்று பெருக்கினால் ஒரே மாலையில் 3 லட்சம் பவுண்டு. அப்படியிருக்க கிளப்புகள் நஷ்டத்தில் ஓடுகின்றன என்கிறார்கள், 2025 டிசம்பரில் சால்ஃபோர்ட் கிளப் நடத்திய நிறுவனத்தை நீதிமன்றமே கலைத்துவிட்டது, அப்போது அந்தப் பணமெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அதோடு, அறிவிக்கிற கூட்டக் கணக்கை நம்பலாமா என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் இரண்டும் ஒன்றையொன்று தொட்டவை.

நான் கணக்குத் தணிக்கை செய்பவன். யார்க்‌ஷயரில் சிறு, நடுத்தர நிறுவனங்களின் கணக்குகளைப் பார்ப்பது பிழைப்பு. அந்த வழக்கத்தில் ரக்பி லீக் கிளப்புகள் ஆண்டுதோறும் நிறுவனப் பதிவகத்தில் தாக்கல் செய்யும் கணக்குகளையும் எடுத்து வாசிப்பேன். வீட்டில் இதைப் பொழுதுபோக்கு என்று ஒப்புக்கொள்வதில்லை, அது வேறு. ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இலங்கையில் கண்டி, கொழும்புப் பக்கம் பிரபலமான ரக்பி 15 பேர் ஆடும் யூனியன். நீங்கள் பார்த்தது 13 பேர் ஆடும் லீக். இரண்டும் பிரிந்ததே காசு விஷயத்தில்தான். வடக்கே ஆலையிலும் சுரங்கத்திலும் வேலை செய்த ஆட்டக்காரர்கள் சனிக்கிழமை ஆட்டத்துக்காக இழக்கும் கூலியை ஈடுகட்டக் கூடாது என்று லண்டன் பக்கத்து நிர்வாகம் பிடிவாதம் பிடித்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடக்கத்திக் கிளப்புகள் தனியே போய்விட்டன. ஆக, ஆட்டக்காரனுக்குக் கூலி கொடுக்க வேண்டும், அந்தக் கூலியை வாசலில் வசூலிக்க வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் பிறவிக் கணக்கு.

சரி, உங்கள் 3 லட்சத்தைப் பிரிப்போம். டிக்கெட் விலையில் 20 சதவீத வாட் வரி அடக்கம். அதாவது 25 பவுண்டில் 4 பவுண்டு 17 பென்ஸ் நேரே வரித்துறைக்கு. மிஞ்சுவது 20.83. அடுத்து, பன்னிரண்டாயிரம் பேரும் 25 பவுண்டு கொடுத்தவர்கள் இல்லை. பெரும்பகுதி சீசன் டிக்கெட்காரர்கள். ஒரு பெரியவரின் சீசன் டிக்கெட் 250 பவுண்டு என்று வைத்துக்கொண்டால், சொந்த மைதானத்தில் 13 ஆட்டம் என்ற கணக்கில் ஆட்டத்துக்கு 19 பவுண்டு, வரி போக 16. சிறுவர்களின் சீசன் டிக்கெட் மிகவும் மலிவு. ஆட்டத்துக்கு மூன்று, நான்கு பவுண்டுகூடத் தேறாது. முதியோர் சலுகை, மாணவர் சலுகை, பள்ளிகளுக்கும் ஸ்பான்சர்களுக்கும் கொடுக்கும் இலவசச் சீட்டு எல்லாம் சேர்த்துச் சராசரி பார்த்தால், தலைக்கு 10 முதல் 12 பவுண்டு கிளப்பின் கைக்கு வரும் என்பது என் மதிப்பீடு. கிளப்புக்குக் கிளப் மாறும், ஆனால் 25-க்குப் பக்கத்தில் எங்கும் வராது. தலைக்கு 11 என்று போட்டு, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அதே பன்னிரண்டாயிரம் பேர் வந்தாலும், ஆண்டு முழுவதும் வாசல் வசூல் 17 லட்சம் பவுண்டு.

எதிர்ப் பக்கத்தைப் பாருங்கள். சூப்பர் லீகில் ஆட்டக்காரர்களின் சம்பள உச்சவரம்பு 21 லட்சம் பவுண்டு. 'மார்க்கீ' என்று அடையாளம் காட்டும் ஓரிரு நட்சத்திரங்களுக்கு அதற்கு வெளியிலும் கொடுக்கலாம். சம்பளத்தின் மேல் முதலாளி கட்ட வேண்டிய தேசியக் காப்பீடு தனி. அது 2025 ஏப்ரலில் 13.8 சதவீதத்திலிருந்து 15 ஆனது. பயிற்சியாளர்கள், மருத்துவர், இளையோர் அகாடமி, பெண்கள் அணி, அலுவலக ஊழியர், ஆட்ட நாளில் பாதுகாப்புக்கு நிற்கும் ஸ்டூவர்டுகள், விளக்கு, காப்பீடு, பிரான்சில் பெர்பின்யாங்கில் இருக்கும் கட்டலான்ஸுக்கு எதிராக ஆடப் பறக்கும் செலவு. நல்ல கூட்டம் வருகிற கிளப்பிலேயே வாசல் வசூல் முழு அணியின் சம்பளத்தை மட்டும்கூட மூடாது. அதுவும் நீங்கள் பார்த்த கூட்டம் எல்லா ஊரிலும் வருவதில்லை. ஹடர்ஸ்ஃபீல்டில் இருபத்துநாலாயிரம் இருக்கை கொண்ட மைதானத்தில் ஐயாயிரத்தைச் சுற்றித்தான் வருவார்கள். தொலைக்காட்சியில் காலி நாற்காலிகள் பளிச்சென்று தெரியும்.

கூட்டக் கணக்கு நிஜமா என்றால், பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது எதை எண்ணுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். சீசன் டிக்கெட் வாங்கியவர் அன்று வந்தாலும் வராவிட்டாலும் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வது பல விளையாட்டுகளில் உள்ள வழக்கம். ரக்பி லீகிலும் உண்டு. பிப்ரவரி மழையில் வியாழக்கிழமை இரவு ஆட்டம் என்றால் அறிவித்த எண்ணுக்கும் கண்ணுக்குத் தெரிகிற தலைகளுக்கும் இடைவெளி இருக்கும். சீசன் டிக்கெட் பணம் முன்பே வந்துவிட்டது, அதனால் வசூல் பக்கம் இதில் மோசடி எதுவும் இல்லை. ஆனால் வராதவர் பியர் குடிப்பதில்லை, இறைச்சி பை (pie) வாங்குவதில்லை, பையனுக்கு ஜெர்சி எடுத்துத் தருவதில்லை. ஆட்ட நாள் வருமானத்தை நான் மதிப்பிடும்போது அறிவித்த கூட்டத்தைவிட மதுக்கூட விற்பனையைத்தான் நம்புவேன்.

இடைவெளியை நிரப்புவது முன்பெல்லாம் தொலைக்காட்சி. 1995-ல் ஊடக முதலாளி மர்டாக்கின் நிறுவனம் ஐந்தாண்டுக்கு 8.7 கோடி பவுண்டு தருவதாகச் சொன்னது. அதற்காகத்தான் நூறாண்டுக் குளிர்கால ஆட்டத்தையே 1996 முதல் கோடைக்கு மாற்றினார்கள். 2017 முதல் 2021 வரை ஸ்கை தொலைக்காட்சி கொடுத்தது ஆண்டுக்கு ஏறக்குறைய 4 கோடி. அடுத்து 2022, 2023-ல் 2.5 கோடிக்குச் சரிந்தது. 2024 முதலான மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 2.15 கோடி. பாதியாகிவிட்டது என்றே சொல்லலாம், அதுவும் விலைவாசி ஏறிய காலத்தில். இதிலிருந்து கீழ்ப் பிரிவுகளுக்கும் நிர்வாகத்துக்கும் போக மிச்சத்தைத்தான் கிளப்புகள் பிரித்துக்கொள்கின்றன. 2026-ல் அணிகள் 12-லிருந்து 14 ஆனதால் பங்கு கேட்போரும் கூடிவிட்டார்கள். கொரோனாவின்போது 2020-ல் அரசு இந்த விளையாட்டுக்கு 1.6 கோடி பவுண்டு கொடுத்தது. அது மானியமில்லை, கடன். திருப்பிக் கட்ட வேண்டியது.

அப்படியானால் பிழைக்கிறவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்? என் அனுபவத்தில் கூட்டத்தைவிட முக்கியமான கேள்வி, மைதானம் யாருடையது என்பதுதான். லீட்ஸ் ரைனோஸ் ஹெடிங்லியில் ஆடுகிறது. அங்கே ஒரு ஸ்டாண்டின் ஒரு பக்கம் ரக்பி மைதானத்தைப் பார்க்கும், மறுபக்கம் டெஸ்ட் கிரிக்கெட் நடக்கும் மைதானத்தைப் பார்க்கும். 2019-ல் புதுப்பித்த பிறகு கருத்தரங்கு, விருந்து, கல்யாணம் என்று ஆட்டம் இல்லாத நாளிலும் அந்தக் கட்டடம் சம்பாதிக்கிறது. பெட்டி இருக்கையில் மூன்று வகைச் சாப்பாட்டோடு உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் ஒரு நிறுவன விருந்தாளி, வாட் போன பிறகும், நின்று பார்க்கும் பல பேருக்குச் சமமான பணத்தை விட்டுப் போகிறார். எதிர்க் கோடியில் சால்ஃபோர்ட். பழைய வில்லோஸ் மைதானத்தை 2011-ல் விட்டு, 2012-ல் நெடுஞ்சாலை ஓரத்தில் கட்டிய பன்னிரண்டாயிரம் பேர் கொள்ளும் மைதானத்துக்கு வாடகைக்குப் போனார்கள். ஆட்டத்தில் குறை சொல்ல முடியாது. 2019-ல் இறுதிப் போட்டிவரை வந்தார்கள். ஆனால் கூட்டம் ஐயாயிரத்தைத் தாண்டத் திணறியது, சொந்தச் சொத்து இல்லை, ஆட்ட நாளின் உபரி வருமானம் தங்கள் கைக்கு முழுதாக வருவதில்லை. 2024 நவம்பரில், லீக் கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் அடுத்த ஆண்டு மத்திய நிதியிலிருந்து 5 லட்சம் பவுண்டை முன்கூட்டியே வாங்கிச் சம்பளம் கொடுத்தார்கள். 2025 பிப்ரவரியில் முதல் ஆட்டத்தில், சம்பளச் செலவுக்குப் போட்டிருந்த கட்டுப்பாட்டால், இளைஞர்களை வைத்து இறங்கி செயின்ட் ஹெலன்ஸிடம் 82-0 என்று தோற்றார்கள். ஆண்டு முடிவதற்குள் வரித்துறையின் மனுவில் கதை முடிந்தது. விகான் அளவுக்குப் பெரிய கிளப்பே 1999-ல் சென்ட்ரல் பார்க்கை சூப்பர் மார்க்கெட்டுக்கு விற்றுவிட்டு ஊர்க் கால்பந்து மைதானத்தில் குடியேறியது. அவர்களுக்குக் கூட்டமும் கோப்பையும் இருந்ததால் தாங்கினார்கள்.

கூட்டம் மட்டும் போதாது என்பதற்கு பிராட்ஃபோர்டைவிட நல்ல சாட்சி கிடையாது, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பிராட்ஃபோர்டின் ஓட்சல் மைதானம் பழைய குப்பைக் குழியைச் சரிசெய்து எழுப்பிய பெரிய கிண்ணம். 1954-ல் கோப்பை இறுதியின் மறு ஆட்டத்துக்கு, ஹாலிஃபாக்ஸும் வாரிங்டனும் மோதியபோது, 1,02,569 பேர் வந்ததாக அதிகாரபூர்வக் கணக்கு. வேலி தாண்டி வந்தவர்கள் அதில் சேரவில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1996-ல் கோடை ஆட்டம் தொடங்கியபோது 'பிராட்ஃபோர்ட் நார்தர்ன்' என்ற பெயரை 'புல்ஸ்' என்று மாற்றினார்கள். இசை, வாணவேடிக்கை, குழந்தைகளுக்கு விளையாட்டு, பள்ளிதோறும் வீரர்கள் வருகை என்று ஆட்ட நாளையே திருவிழாவாக்கினார்கள். கூட்டம் மளமளவென்று ஏறியது. 1997, 2001, 2003, 2005 என்று நான்கு முறை சூப்பர் லீக் பட்டம், மூன்று முறை உலகக் கிளப் பட்டம். அன்றைக்கு எல்லாக் கிளப்பும் இவர்களைப் பார்த்துத்தான் விளம்பரம் செய்யக் கற்றுக்கொண்டது.

ஆனால் கிண்ணம் அப்படியே இருந்தது. ஓட்சலைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்லி 2001, 2002-ல் கால்பந்துக் கிளப்பின் வேலி பரேடுக்குப் போனார்கள். புதுப்பித்தல் நடக்கவில்லை, 2003-ல் திரும்பினார்கள். கூரை குறைவு, விருந்து அறைகள் குறைவு. மைதானத்தில் பத்தாயிரம் பேர் நின்றாலும் தலைக்கு வரும் வருமானம் ஏறவில்லை. வெற்றிகள் குறைந்ததும் கூட்டம் இறங்கியது. அதை நிறுத்த, குறிப்பிட்ட எண்ணிக்கையில் பேர் சேர்ந்தால் சீசன் டிக்கெட் மிக மலிவு என்று ஒரு திட்டம் போட்டார்கள். கூட்டம் திரும்ப வந்தது, அறிவிப்புகள் பத்தாயிரத்தைத் தாண்டின, எல்லாருக்கும் சந்தோஷம். கணக்காளன் கண்ணில் அது ஆபத்தான படம். கூட்டம் கூடக்கூட ஸ்டூவர்டு செலவு, கழிப்பறை, காவல் செலவு கூடும்; தலைக்கு வரவு குறையும். 2012 ஜனவரியில் மைதானத்தின் குத்தகை உரிமையை ரக்பி லீக் நிர்வாக அமைப்புக்கே விற்றார்கள். அதே மார்ச்சில், உடனே 10 லட்சம் பவுண்டு வேண்டும் என்று வெளிப்படையாகக் கையேந்தினார்கள். ரசிகர்கள் உண்டியல் குலுக்கி லட்சக்கணக்கில் திரட்டியும் கோடையில் திவால் நிர்வாகத்துக்குப் போனது. 2014-ல் மறுபடியும், 2016-ல் மறுபடியும். 2017 ஜனவரியில் நிறுவனத்தைக் கலைத்தார்கள். புதிய நிறுவனம் 12 புள்ளி கழிவோடு இரண்டாம் பிரிவில் தொடங்கியது. ஓட்சலின் செலவு தாங்காமல் 2019-க்குப் பிறகு கொஞ்ச காலம் பக்கத்து டியூஸ்பரியில் ஒண்டியிருந்தார்கள். 2026-ல்தான் சூப்பர் லீகுக்கு மீண்டிருக்கிறார்கள்.

இதில் சீசன் டிக்கெட் செய்கிற வேலையைப் பலர் கவனிப்பதில்லை. அக்டோபர், நவம்பரில் விற்பனை தொடங்கும். கையில் திடீரென்று பணம் புரளும். கணக்கியலில் அது வருமானம் இல்லை. இன்னும் ஆடாத ஆட்டங்களுக்காக ரசிகர்களிடம் பட்ட கடன். பாலன்ஸ் ஷீட்டில் 'ஓராண்டுக்குள் தர வேண்டியவை' என்ற தலைப்பின் கீழ் அது உட்கார்ந்திருக்கும். நெருக்கடியில் உள்ள கிளப் அந்தப் பணத்தில் போன ஆண்டின் பாக்கியைக் கட்டும். ஆட்டம் தொடங்கும் பிப்ரவரியில் கல்லா காலியாக இருக்கும், ஆனால் ஆடிக்கொடுக்க வேண்டிய 13 ஆட்டமும் அப்படியே பாக்கி. அப்போது முதலில் நின்றுபோவது ஊழியர் சம்பளத்திலிருந்து பிடித்த வரியை அரசுக்குக் கட்டுவது. அதனால்தான் கடைசியில் வழக்குப் போடுவது பெரும்பாலும் வரித்துறையாக இருக்கிறது. வங்கி முன்னமே ஒதுங்கியிருக்கும்.

அந்த நிலைக்குப் போகாமல் காப்பது பல கிளப்புகளில் ஒரே ஒரு மனிதர். கணக்கின் பின்பக்கக் குறிப்புகளில் 'இயக்குநர் கடன்' அல்லது 'தொடர்புடைய தரப்பினருக்குத் தர வேண்டியது' என்று ஒரு தொகை ஆண்டுக்காண்டு வளர்ந்துகொண்டே வரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அது பங்குகளாக மாறும், அதாவது அந்தப் பணத்தைக் கடனாகத் திருப்பிக் கேட்கும் உரிமையை அவர் விட்டுவிட்டார். அதற்குப் பக்கத்தில் 'நிறுவனம் தொடர்ந்து இயங்குவது உரிமையாளரின் ஆதரவைப் பொறுத்தது' என்ற பொருளில் தணிக்கையாளர் கேட்டு வாங்கிய ஒரு பத்தி. நானும் இப்படிப்பட்ட பத்திகளை எழுதச் சொல்லி வற்புறுத்தியிருக்கிறேன். எந்த உரிமையாளரும் அதைச் சிரித்த முகத்தோடு எழுதிக் கொடுத்ததில்லை. ஊரில் பிறந்து தொழிலில் சம்பாதித்தவர், சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த அணிக்காக ஆண்டுக்குச் சில லட்சம் போடுகிறார். அவருக்கு வயதானாலோ சலித்துப்போனாலோ என்ன ஆகும் என்பதற்குப் பெரும்பாலான கிளப்புகளிடம் எழுதி வைத்த பதில் இல்லை.

ஆஸ்திரேலியாவில் எப்படி என்றால், அங்கே கணக்கே வேறு. அவர்களுடைய தேசிய ரக்பி லீகில் ஆட்டத்துக்குச் சராசரி இருபதாயிரத்தை ஒட்டி வருகிறார்கள். ஆனால் 2023 முதல் 2027 வரையிலான உள்நாட்டு ஒளிபரப்பு உரிமை மட்டும் சுமார் 200 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று செய்திகள் வந்தன. அணியின் சம்பள வரம்பைவிடக் கூடுதலான மானியத்தை லீக் நிர்வாகமே ஒவ்வொரு கிளப்புக்கும் கொடுக்கிறது. சம்பளம் முழுவதும் அதிலேயே அடங்கிவிடுவதால் வாசல் வசூல் உபரியாகிறது. சிட்னிக் கிளப்புகள் பலவற்றுக்கு இன்னொரு தூண், 'லீக்ஸ் கிளப்' எனப்படும் மன்றங்கள். 1956-ல் நியூ சவுத் வேல்ஸ் மன்றங்களில் சூதாட்ட இயந்திரங்களை அனுமதித்தார்கள். அந்தக் காசு இன்றும் ரக்பி லீக் ஆட்டத்துக்குப் போகிறது. எனக்கு அது பிடித்தமான வருமானம் இல்லை, ஆனால் இங்கிலாந்துக் கிளப்புகளிடம் அதற்கு ஈடாக எதுவுமில்லை என்பது உண்மை. பிரிஸ்பேன் பிராங்கோஸ் மட்டும் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கிளப். அதன் ஆண்டறிக்கையை யாரும் எடுத்து முழுதாகப் படிக்கலாம்.

இதுவரை சொன்னதில் வரி, வரம்பு, ஒப்பந்தத் தொகை, திவால் தேதிகள் எல்லாம் உறுதியானவை. தலைக்கு 11 பவுண்டு என்பது மதிப்பீடு. உறுதியாகச் சொல்ல முடியாத விஷயங்களும் இருக்கின்றன. 2014-ல் வாராவாரம் வியாழக்கிழமை ஆட்டம் வந்தபிறகு அந்த நாள் கூட்டம் மெலிந்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள். மெலிவு தெரிகிறது, ஆனால் எதிரணி யார், அவர்களோடு எத்தனை பேர் பயணம் வருவார்கள், மழையா, மறுநாள் பள்ளியா என்பதையெல்லாம் கழித்தால் கிழமையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது கடினம். 2024 முதல் எல்லா ஆட்டமும் நேரலையில் வருகிறது. அதனால் மைதானக் கூட்டம் சரிந்துவிடும் என்று பயந்தார்கள், அப்படிப் பெரிதாகச் சரியவில்லை. நல்ல ஆட்டம் கூட்டத்தைக் கொண்டுவருமா என்பதற்கு ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ் ஆம் என்கிறது, 2025-ல் மூன்று கோப்பையும் அவர்களுக்கே. சால்ஃபோர்ட் இல்லை என்கிறது.

2025 முதல் யார் சூப்பர் லீகில் ஆடுவது என்பதையே பெரும்பாலும் 20 புள்ளித் தரப்பட்டியல் முடிவு செய்கிறது. ஆட்டத்துக்கு 5, ரசிகர் பலத்துக்கு 5, நிதிக்கு 4.5, மைதானத்துக்கு 3, சமூகத்துக்கு 2.5. கூட்டத்துக்கு நேரடியாகப் புள்ளி வருவதால், இலவசச் சீட்டை வாரி இறைத்து எண்ணைக் காட்டும் ஆசை எந்த நிர்வாகிக்கும் வரத்தான் செய்யும். பிராட்ஃபோர்டின் பழைய மலிவு விலைக் கதை தெரிந்தவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும். நிதிக்கும் புள்ளி வைத்திருப்பது நல்ல தடுப்பு. ஆனால் உரிமையாளர் போடும் பணத்தையும் கிளப் தானாகச் சம்பாதித்ததையும் எவ்வளவு கறாராகப் பிரிக்கிறார்கள் என்பதில்தான் அதன் பலம் இருக்கிறது.

நீங்கள் பார்த்த கிளப்பின் நிலவரம் தெரிய வேண்டுமானால், நிறுவனப் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கணக்கை எடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: சிறு நிறுவனம் என்ற வரையறைக்குள் வந்தால் லாப நட்டக் கணக்கைத் தாக்கல் செய்யாமலே விடலாம். மொத்த வரவு உச்சம் 2025 ஏப்ரலில் 1.02 கோடியிலிருந்து 1.5 கோடி பவுண்டாக உயர்ந்ததால், பல ரக்பி லீக் கிளப்புகள் அந்த வரவு வரம்புக்குள் அடங்கும். அப்படிப்பட்ட கணக்கில் வாசல் வசூல் எவ்வளவு, மது விற்பனை எவ்வளவு என்று வெளியிலிருந்து என்னாலும் பிரிக்க முடியாது. பாலன்ஸ் ஷீட் மட்டும் கிடைக்கும். அதில் ஓராண்டுக்குள் தர வேண்டிய தொகை, கையிருப்புப் பணம், இயக்குநர் கடன், இந்த மூன்றையும் நாலைந்து ஆண்டுக்கு வரிசையாக எழுதிப் பாருங்கள். கிளப்பின் பெயரில் ஒரு நிறுவனமும் மைதானத்தின் பெயரில் இன்னொன்றும் இருந்தால் இரண்டையும் எடுங்கள். நஷ்டம் ஒன்றிலும் சொத்து மற்றொன்றிலும் இருப்பது சகஜம். கணக்காண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பது சட்டம். அந்தத் தேதி தாண்டியும் கணக்கு வரவில்லை என்றால், அடுத்த ஆண்டு சீசன் டிக்கெட்டை இப்போதே வாங்காதீர்கள், ஆட்டத்துக்கு ஆட்டம் காசு கொடுத்துப் பாருங்கள்.